சீர்வரிசைக்குப் பின் வரும் செலவு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றின் வரவு செலவைக் கூர்ந்து பார்த்தால், அங்கே மூன்று வகையான பணம் புழங்குவது தெரியவரும். அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் மானியம் ஒன்று. நிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தரும் தொகை மற்றொன்று. பெற்றோரும் ஊராரும் முன்னாள் மாணவர்களும் கொடுக்கும் நன்கொடை மூன்றாவது. முதலிரண்டும் கட்டுப்பட்ட பணம்: எந்தத் தலைப்பில், எந்தத் தேதிக்குள், யாருடைய ஒப்புதலோடு செலவழிக்க வேண்டும் என்பது பணம் வரும்போதே எழுதி வந்துவிடுகிறது. மூன்றாவது பணம் பெரும்பாலும் அளவில் சிறியதாக இருந்தாலும் கட்டற்றது, ஏனெனில் அதை எதற்குச் செலவிடலாம் என்பதைப் பள்ளியைச் சுற்றி வாழும் மக்களே கூடித் தீர்மானிக்க முடியும். ஆகவே அதை எதற்குச் செலவிட வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடுபவர், கட்டுப்பட்ட பணம் எங்கே எட்டாமல் நின்றுவிடுகிறது என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

இந்தப் பணத்தோடு தொடர்புடைய அமைப்புகள் இரண்டு. அவற்றை ஒன்றென மயங்குவோர் பலர். முதலாவது பெற்றோர் ஆசிரியர் கழகம், அதாவது பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் உறுப்பினராகச் சேர்ந்து, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, நன்கொடை திரட்டிப் பள்ளிக்கு உதவும் பழைய அமைப்பு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்த பலருக்கு இக்கழகத்தின் பெயர், அதன் மாநில அமைப்பு வெளியிடும் வினா வங்கிப் புத்தகத்தின் அட்டை வழியாகவே அறிமுகம். இரண்டாவது பள்ளி மேலாண்மைக் குழு. இது 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பிறப்பித்த அமைப்பு. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து இக்குழுக்கள் 20 உறுப்பினர்களோடு மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். கழகம் பணம் திரட்டும் அமைப்பு என்றால், குழு திட்டமிடும் அமைப்பு: பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், அரசோ உள்ளாட்சியோ வேறு எவருமோ தரும் மானியம் எவ்வாறு செலவாகிறது எனக் கண்காணிப்பதும் சட்டம் அதற்குக் கொடுத்த வேலை. திரட்டுபவர்களும் திட்டமிடுபவர்களும் தனித்தனிப் பாதையில் நடக்கும் பள்ளிகளில், திட்டத்தில் இல்லாத பொருள்கள் வந்து குவிவதும், திட்டத்தில் உள்ளவை வராமலே போவதும் வியப்புக்குரியவை அல்ல.

பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், ஊர்மக்களிடமிருந்து கட்டடமாகவும் நிலமாகவும் பலகையாகவும் ரொக்கமாகவும் உதவி திரட்டிய பெரிய இயக்கமாக வளர்ந்தன. இன்றைய ‘கல்விச் சீர்’ அதன் தொலைவழித் தோன்றல் எனலாம். தாய்மாமன் சீர் எடுத்துவரும் முறையைப் பின்பற்றி, மேளதாளத்தோடு தெருவழியே ஊர்வலமாக, தாம்பாளத் தட்டுகளில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும், தலைச்சுமையாகக் குடமும் வாளியும், தள்ளுவண்டியில் நாற்காலியும் பீரோவும் மின்விசிறியும் கொண்டுவந்து, தலைமையாசிரியர் வாசலில் நின்று வரவேற்கப் பள்ளியில் ஒப்படைப்பது இவ்விழாவின் வழக்கம். பள்ளி ஊரின் சொத்து என்ற உணர்வை இதைவிட அழகாகக் காட்டும் சடங்கு வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் சீர் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்க வேண்டும் என்பதால், தட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவர முடியாதவை அதில் இடம்பெறுவதே இல்லை. மின்விசிறி வருகிறது, அதன் கெப்பாசிட்டர் போனால் மாற்றுவதற்கான பணம் வருவதில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வருகிறது, அதன் ஃபில்டர் வருவதில்லை.

இந்தக் கடைசிப் பொருளைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன் தரும். ஆர்.ஓ. எனப்படும் சுத்திகரிப்புக் கருவியில் வண்டலைத் தடுக்கும் முன்வடிகட்டி, கரியால் ஆன வடிகட்டி, உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு எனப் பல அடுக்குகள் உள்ளன. இவற்றில் முன்வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒரு முறையும், சவ்வைத் தண்ணீரின் உப்பளவைப் பொறுத்து ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வரும் ஊர்களில் இன்னும் விரைவாகவே. வாங்கிக் கொடுத்தவர் ஓராண்டு உத்தரவாதத்தோடு கொடுத்துவிட்டுப் போகிறார். அது முடிந்த பின், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் யார் தருவது என்ற கேள்விக்கு மானிய விதிகளில் தெளிவான தலைப்பு கிடைக்காமல் போக, குழாயில் நீர் முதலில் மெலிந்து, பிறகு நின்று, ‘உபயம்’ எழுதிய பெயர்ப்பலகை மட்டும் பளபளப்பாக இருக்கும் நிலைக்குக் கருவி வந்துசேர்கிறது. பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். எனவே பொருளை ஏற்றுக்கொள்ளும் முன்பே, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அதன் பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும் எனக் கணக்கிட்டு, அத்தொகையைக் கொடையாளரிடம் கேட்டுப் பெறுவதோ கழக நிதியிலிருந்து ஒதுக்குவதோ நடைமுறையாக வேண்டும். இரண்டுக்கும் வழியில்லையெனில் அப்பொருளை மரியாதையோடு மறுப்பதே பள்ளிக்கு நல்லது. கொடையை மறுப்பது நம் பண்பாட்டில் எளிதான செயலன்று என்றாலும், மறுக்கத் தெரிந்த கழகத்திடம் ஓடாத கருவிகள் சேர்வதில்லை.

அரசு மானியம் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘சமக்ர சிக்ஷா’ என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டு மானியம் வழங்கப்படுகிறது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கும் மேல் 1 லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. 250 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் இந்தக் கட்டாயப் பங்கு 5,000 ரூபாய். கல்வி உரிமைச் சட்டம் கூறும் குறைந்தபட்சமான 200 வேலை நாட்களுக்கு அதைப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 25 ரூபாய், அதாவது பிள்ளைக்குப் பத்துப் பைசா. பள்ளி விரும்பினால் இதைவிடக் கூடுதலாகச் செலவிடலாம். ஆயின் சுண்ணக்கட்டி, பதிவேடு, சிறு பழுதுகள், கற்றல் கருவிகள் எனப் பிற தேவைகளும் அதே ஐம்பதாயிரத்தையே நம்பி நிற்கின்றன. பெற்றோர் பணம் சென்றுசேர வேண்டிய இடம் இந்தப் பத்துப் பைசாவின் அருகில்தான் இருக்கிறது.

கழிவறையையே எடுத்துக்கொள்ளலாம். கட்டடத்தை அரசு கட்டித்தருகிறது. துப்புரவுப் பணியாளருக்குச் சிறு தொகையை உள்ளாட்சி அமைப்பு வழியாகத் தருவதும் உண்டு. ஆனால் பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவில் உள்தாழ்ப்பாள் உடைந்துவிட்டால், அதை மாற்றுவதற்கென அரசாணை எதையும் எவரும் எதிர்பார்க்க முடியாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒரு தாழ்ப்பாள், நான்கு திருகாணிகள், தச்சருக்கு அரைமணி நேர வேலை: செலவு அவ்வளவுதான். அது இல்லாத நாட்களில், ஒரு சிறுமி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்; துணைக்கு ஆள் கிடைக்காதவள் மாலை வரை தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறாள். மாதவிடாய் நாட்களில் அவள் வராமலே இருந்துவிடுவதும் நேர்கிறது. நாப்கின் அரசுத் திட்டத்தில் விலையின்றிக் கிடைத்தாலும், பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள கூடையும், கூடையை அன்றாடம் அகற்ற ஓர் ஏற்பாடும் இல்லையெனில் திட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தாழ்ப்பாள், வாளி, குவளை, குழாய் வாஷர், பினாயில், கைகழுவும் சோப்பு, ஒரு மின்விளக்கு ஆகியவற்றை மாதந்தோறும் தவறாமல் பார்த்துக்கொள்ளும் கழகம், நுழைவாயில் வளைவு கட்டிக்கொடுக்கும் கழகத்தைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது என்பதில் ஐயமில்லை.

பணம் எப்போது கையில் இருக்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். பள்ளி ஜூன் மாதத்தில் திறக்கும்போது, கோடை விடுமுறையில் அடைத்துக்கொண்ட குழாயும், குரங்கோ மழையோ கலைத்துவிட்ட ஓடும், துருப்பிடித்த மோட்டாரும் காத்துக்கொண்டிருக்கின்றன. மானியமோ கல்வியாண்டின் நடுவிலோ பிற்பகுதியிலோ வந்துசேர்வது பல ஆண்டுகளில் நடப்பதுதான். வந்த பின் மார்ச் 31ஆம் தேதிக்குள் செலவழித்தாக வேண்டிய நெருக்கடியும் கூடவே வருகிறது. இவ்விடைவெளியைக் கழகப் பணத்தால் மட்டுமே இட்டு நிரப்ப முடியும். ஆகவே ஆண்டு விழாவோடு இருப்பைத் துடைத்துவிடாமல், திறப்புக்கால மராமத்துக்கென ஒரு தொகையை மே மாதத்தைத் தாண்டி வைத்திருப்பது, கணக்கில் மீதம் காட்டுவதற்காக அன்றி ஜூன் முதல் வாரத்தில் பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் வருவதற்காக. புரவலர் திட்டம் என்னும் பழைய ஏற்பாடும் இத்தகைய தொடர்செலவை மனத்தில் கொண்டதே: நன்கொடையாக வரும் ஆயிரம் ரூபாயை வங்கியில் வைப்பாக இட்டு, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் பள்ளிக்குச் செலவிடுவது அதன் முறை. ஆறு விழுக்காடு வட்டி என்று கொண்டால் ஒரு புரவலரால் ஆண்டுக்குக் கிடைப்பது 60 ரூபாய். கேட்பதற்குச் சொற்பம், ஆனால் நூறு புரவலர்கள் சேர்ந்தால் அந்த ஆறாயிரம் ரூபாய், மேலே கண்ட தூய்மைப் பங்கைவிடக் கூடுதல்.

மிகக் கடினமான கேள்வி ஆசிரியர் சம்பளம் பற்றியது. கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது, காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, அரசு நியமனம் எப்போது வருமெனத் தெரியவில்லை என்னும் நிலையில், ஊரிலேயே பட்டம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒரு பெண்ணைச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கழகமே அமர்த்திக்கொள்வது தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக நடந்துவருவது. பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் இதைக் குறைகூற மனம் வராது. ஆயினும் கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அரசுப் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. அந்தக் கடமையைப் பெற்றோர் தம் பையிலிருந்து நிறைவேற்றும்போது, காலியிடம் காலியிடமாகவே கண்ணில் படாமல் போய்விடும் ஆபத்து உண்டு. வகுப்பு நடக்கிறது, புகார் எழுவதில்லை, கோப்பு நகர்வதில்லை. அரசே 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப முற்பட்டபோது, முதலில் அறிவித்த மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் மட்டுமே. பின்னர்தான் அது முறையே 12,000, 15,000, 18,000 என உயர்ந்தது. கழகம் தானே அமர்த்தும் ஆசிரியருக்கு இதிலும் குறைந்த ஊதியமே வாய்க்கிறது, விடுமுறை மாதத்தில் அதுவும் நின்றுபோகிறது. ஆகவே இந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும் எனத் தீர்மானிக்கும் கழகம், அதே கூட்டத்தில், அதே தீர்மானப் புத்தகத்தில், காலியிடத்தை நிரப்பக் கோரும் கடிதத்தையும் பதிவுசெய்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, சம்பளத்துக்கு ஒரு கல்வியாண்டு என்ற எல்லையையும் குறித்துக்கொள்வது குறைந்தபட்ச எச்சரிக்கை.

கட்டடம் பற்றி இவ்வளவு தயக்கம் தேவையில்லை: பெற்றோர் பணம் சுவர் எழுப்புவதற்கு உரியதன்று. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது, பள்ளிக் கட்டடங்களின் உறுதி பொறியாளர் சான்றளிக்க வேண்டிய பொருள் என்பதை மாநிலம் முழுதும் மிகுந்த விலை கொடுத்து உணர்ந்தது. நன்கொடைப் பணத்தில் கொத்தனாரை வைத்து, வரைபடமும் அடித்தள ஆய்வும் இல்லாமல் ஓர் அறையைக் கட்டிவிடலாம் என்ற ஆர்வம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். பொறுப்பேற்க ஆளில்லாத சுவருக்கு அந்த நல்லெண்ணம் தாங்குதூண் ஆகாது. பெரிய தொகை தேவைப்படும் இத்தகைய பணிகளுக்கு, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ போன்ற வழிகளில் கொடையாளர்களைத் திருப்பிவிடுவதே முறை. பாடநூல், சீருடை, புத்தகப்பை, காலணி, பேருந்துப் பயண அட்டை, காலைச் சிற்றுண்டி, மதிய உணவு என அரசு ஏற்கெனவே தருபவற்றுக்கும் கழகப் பணம் வேண்டியதில்லை. ஷாமியானா, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எத்தனை பொன்னாடைகளை ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஆயுளில் பயன்படுத்த முடியும் என்பதைக் கழகங்கள் ஒருமுறை யோசித்தால் போதும்.

செலவின் நியாயம் வரவின் நியாயத்தையும் பொறுத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அதைத் தலைவரிக் கட்டணம் எனக் கருதித் தடைசெய்கிறது. வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாது என்னும்போது, சேர்க்கை நாளன்று விண்ணப்பத்தோடு சேர்த்துக் கழக நன்கொடை ரசீதை நீட்டுவதும், மாற்றுச் சான்றிதழ் தரும் நாளில் ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்பதும், வற்புறுத்தல் என்ற சொல்லைத் தவிர்த்த வற்புறுத்தலே. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு அங்கே ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு இருக்காது. கேட்க வேண்டுமானால் சேர்க்கையோடும் சான்றிதழோடும் தொடர்பற்ற ஒரு நாளில், பொதுக் கூட்டத்தில் கேட்கலாம். பணம் தர இயலாத பிளம்பர் குழாயைச் சரிசெய்து தரும் உழைப்பும் அதே பதிவேட்டில் கொடையாக ஏறலாம். கொடுத்தவரின் பிள்ளை, கொடுக்காதவரின் பிள்ளை என்ற வேறுபாடு வகுப்பறைக்குள் நுழையாதிருக்க இதுவே வழி.

அந்த வேறுபாடு வேறு வடிவிலும் நுழைவதுண்டு. ஒரே வளாகத்தில் ஆங்கில வழிப் பிரிவும் தமிழ் வழிப் பிரிவும் இயங்கும் பள்ளிகளில், சற்று வசதியுள்ள பெற்றோர் முன்னதில் திரளும்போது, அவர்கள் திரட்டிய பணத்தில் அந்த வகுப்புக்கு மட்டும் திரையும் விசிறியும் வந்து, அடுத்த அறை அப்படியே இருந்துவிடக்கூடும். பள்ளிகளுக்கிடையே இதே சிக்கல் பெரிதான இடங்களில் வேறு விதமாகவும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், கூடுதல் பணியாளர்களுக்காகப் பெற்றோர் அறக்கட்டளைகள் திரட்டும் தொகையில் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு நெடுங்காலம் ஏழைப் பள்ளிகளுக்கான பொது நிதிக்குச் சென்றது. தமிழ்நாட்டுக் கழகங்கள் திரட்டும் தொகைக்கு அத்தகைய பங்கீடு மிகையாகத் தோன்றலாம். ஒரு வளாகத்துக்குள்ளாவது வகுப்புவாரி வசூலை விட்டு, எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் சேர்த்து, மிக மோசமான அறையிலிருந்து செலவைத் தொடங்குவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

இனிக் கணக்கு. ரொக்கப் பதிவேட்டில் ‘மராமத்து – ரூ. 4,850’ என ஒற்றை வரி இருந்தால், படிப்பவருக்கு எதுவும் விளங்காது. ‘பெண்கள் கழிவறை, தாழ்ப்பாள் 3, குழாய் 2, தச்சர் கூலி, பிளம்பர் கூலி, பற்றுச்சீட்டு எண்’ எனப் பிரித்து எழுதினால், கூட்டத்துக்கு வரும் எந்தத் தாயும் நேரே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்துத் தணிக்கையை முடித்துவிடலாம். தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கூட்டு வங்கிக் கணக்கு, பெரிய செலவுக்கு மூன்று கடைகளிலிருந்து விலைப்புள்ளி, மாதக் கூட்டத்தில் வரவு செலவை வாய்விட்டு வாசிப்பது என்பவை எல்லாரும் அறிந்தவையே. அறியப்படாத ஒன்று இருப்புப் பதிவேட்டில் ஒளிந்திருக்கிறது. நன்கொடையாக வந்த பெஞ்சும் நாற்காலியும் அப்பதிவேட்டில் ஏறிய பின், உடைந்துபோனாலும் முறைப்படி கழிவுசெய்யாமல் அகற்ற முடியாது என்பதால், பொறுப்பேற்கும் ஒவ்வொரு தலைமையாசிரியரும் எண்ணிக்கை குறையாதிருக்க அவற்றை ஓர் அறைக்குள் அடுக்கிப் பூட்டிவைக்கிறார். கால் போன நாற்காலிகளுக்கு ஓர் அறை ஒதுக்கப்பட, பிள்ளைகள் மரத்தடியில் உட்காரும் காட்சி அரிதன்று. கழகம் வாங்கிய பொருள்களுக்குத் தனி இருப்புப் பதிவேடு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பழுதானவற்றைப் பார்வையிட்டு, தீர்மானம் எழுதி, பழைய இரும்புக் கடைக்காரரின் தராசில் ஏற்றி, வந்த தொகையை அதே கணக்கில் வரவு வைத்துவிட்டால், நன்கொடை கேட்காமலேயே பள்ளிக்கு ஒரு வகுப்பறை கிடைத்துவிடும்.